சைக்கிள் கேள்வி-பதில்: ஜிரோனாவிலிருந்து ஒரு வட்டம்

ஸ்பெயினுக்குப் போகிற வாசகர்கள் கூடிவிட்டார்கள் போல. மலை வேண்டும், ஆனால் உயிரை வாங்கக் கூடாது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர வேண்டும். லாரியும் பஸ்ஸும் காதில் உறுமக் கூடாது. இப்படி வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகவே எடுத்துக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் ஒரே பாதையை வைத்துத்தான் பதில், இல்லாவிட்டால் பக்கம் போதாது.

வேலை விஷயமாக பார்சிலோனா போகிறேன், இரண்டு நாள் ஓய்வு கிடைக்கும். கிராமப்புறமாக, வட்டமாக, நடுத்தரக் கஷ்டத்தில் ஒரு ரோடு சைக்கிள் பாதை சொல்லுங்களேன். (வாசகர், கோயம்புத்தூர்)

பார்சிலோனாவிலேயே சுற்றாதீர்கள். அதிவேக ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் ஜிரோனா. கேட்டலோனியாவின் வடகிழக்கு மூலையில், ஒன்யார் ஆற்றின் கரையில் இருக்கும் நடுத்தர நகரம் அது. தொழில்முறை சைக்கிள் வீரர்கள் பலர் 1990களின் கடைசியிலிருந்து அங்கேயே வீடு எடுத்துத் தங்கிப் பயிற்சி செய்கிறார்கள், லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஒரு காலத்தில் அங்கே குடியிருந்தவர்தான். காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. ஊரை விட்டு வெளியே வந்த பத்து நிமிடத்தில் கார் குறைந்துவிடும், ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் பிரனீஸ் மலை, குளிர்காலத்திலும் பெரும்பாலான நாள் வெயில்.

நான் சொல்லும் பாதை, நகரத்துக்குக் கிழக்கே இருக்கும் கவார்ரஸ் குன்றுகளைச் சுற்றி வருவது. மொத்தம் 55லிருந்து 60 கிலோமீட்டர், ஏற்றம் கூட்டினால் 800, 900 மீட்டர் வரும். பழைய நகரத்துக்குப் பின்னால் சாந்த் தானியெல் பள்ளத்தாக்கு வழியாகப் புறப்படுகிறீர்கள். கடைசி வீடு முடிந்ததும் சாலை மெதுவாக ஏறத் தொடங்கும், பத்துக் கிலோமீட்டர் சொச்சம் ஏறிக்கொண்டே இருக்கும், ஆனால் சராசரி நாலு சதவீதம் என்பதால் பேசிக்கொண்டே மிதிக்கலாம். உச்சியில் எல்ஸ் ஆஞ்ஜெல்ஸ் என்கிற மாதா கோயில், கிட்டத்தட்ட 485 மீட்டர் உயரத்தில். பிரதான சாலையிலிருந்து சின்னதாக ஒரு கிளைச் சாலை அதற்குப் போகும். இங்கேதான் ஓவியர் சால்வதோர் தாலி தன் மனைவி காலாவை 1958 ஆகஸ்ட் 8 அன்று தேவாலய முறைப்படி மணந்தார். 1934லேயே பாரிஸில் பதிவுத் திருமணம் முடித்தவர்கள். இந்தக் கல்யாணத்துக்குப் பெரிய கூட்டமெல்லாம் அழைக்கவில்லை. நின்று பார்த்தால் ஏன் இந்த இடம் என்று புரியும். தெளிவான நாளில் ஒரு பக்கம் கடல் தெரியும், மறுபக்கம் பிரனீஸ் பனி தெரியும்.

அங்கிருந்து மத்ரமான்யா வரை இறக்கம். வளைவுகள் நிறைய, ஆனால் சாலை நன்றாக இருக்கும். வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் போன பிறகு பிடிக்காதீர்கள். மத்ரமான்யா முழுக்க மஞ்சள் கல் வீடுகள். அடுத்தது மொனெல்ஸ். அங்கே ஊர் நடுவில் வளைவுத் தூண்களுக்கு அடியில் நிழலான சதுக்கம் ஒன்று இருக்கிறது, சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுக் காபி குடிக்க இந்த வட்டத்தில் இதைவிட நல்ல இடம் கிடையாது. அப்புறம் சமவெளியில் கோதுமை வயல்களுக்கு நடுவே குரூயிலஸ், சாந்த் சதுர்னி வழியாக மறுபடி குன்றுக்குள் நுழைகிறீர்கள். இரண்டாவது ஏற்றத்தின் பெயர் சாந்தா பெல்யாயா. இது எல்ஸ் ஆஞ்ஜெல்ஸை விடத் தாழ்வு, முழுக்கக் காட்டுக்குள் போகிறது. உச்சியில் சின்னத் தேவாலயமும் சில வீடுகளும், அவ்வளவுதான். பிறகு கஸா தெ லா செல்வா ஊருக்கு இறக்கம், அங்கிருந்து லியாம்பிலஸ், குவார்ட் வழியாக ஜிரோனா. மிதிக்கும் நேரம் நாலு மணி நேரத்துக்குள் முடியும், காபி, சாப்பாடு, போட்டோ எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டுக்கு அடிவாரத்திலிருந்து சைக்கிளில் ஏறியிருக்கிறேன். அதோடு பார்த்தால் இது எப்படி? (வாசகர், சேலம்)

அப்படியானால் நீங்கள் இந்தக் கேள்வியே கேட்டிருக்க வேண்டாம். ஏற்காட்டில் ஒரே மூச்சில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறுகிறீர்கள். இங்கே பெரிய ஏற்றமே 400 மீட்டர்தான், அதுவும் பத்துக் கிலோமீட்டரில் பரவிக் கிடக்கிறது. கால் தாங்கும். கவனிக்க வேண்டியது வேறு. ஏற்காட்டில் ஏறி முடித்தால் வேலை முடிந்தது, இங்கே முதல் ஏற்றத்தில் உற்சாகமாகக் காலைப் போட்டுவிட்டால் நாற்பதாவது கிலோமீட்டரில் சாந்தா பெல்யாயா காத்துக்கொண்டிருக்கும். முதல் ஏற்றத்தில் மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள், முடிந்தால் சரியான வேகம். கியர் விஷயத்தில் முன்னால் 34, பின்னால் 32 பல் இருந்தால் இந்தப் பாதையில் எங்கேயும் இறங்கித் தள்ள வேண்டிவராது.

எந்தத் திசையில் சுற்றுவது நல்லது? சிலர் கஸா பக்கமிருந்து தொடங்கச் சொல்கிறார்கள். (வாசகர், ஈரோடு)

எல்ஸ் ஆஞ்ஜெல்ஸ் முதலில். அதில் எனக்கு இரண்டாம் யோசனையே இல்லை. உடம்பு சூடாகாத நேரத்தில் நாலு சதவீத ஏற்றம் கிடைப்பது வரம், சமவெளியும் காபியும் சரியாகப் பாதி தூரத்தில் வருகின்றன, வெயில் ஏறும் நேரத்தில் நீங்கள் காட்டு நிழலில் இருப்பீர்கள், கடைசிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் பெரிய மேடு கிடையாது. எதிர்த் திசையிலும் ஓட்டலாம், பயிற்சிக்கு ஓட்டுபவர்கள் ஓட்டுகிறார்கள். ஆனால் அப்படி வந்தால் மத்ரமான்யாவிலிருந்து எல்ஸ் ஆஞ்ஜெல்ஸுக்கு ஏறுவது நடுப்பகல் வெயிலில் அமைந்துவிடும், களைத்த காலோடு.

ஈ.சி.ஆரில் எப்போதும் காலை ஐந்து மணிக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் வீடு திரும்புகிற குழு நாங்கள். அங்கேயும் அதே மாதிரி வைத்துக்கொள்ளலாமா? அக்டோபரில் போகிறோம். (வாசகர்கள், சென்னை)

இந்தக் கேள்விக்காகவே தனியாக ஒரு பக்கம் கேட்கலாம் என்று நினைத்தேன். ஐந்து மணிக்குக் கிளம்பினால் மூன்று மணி நேரம் கும்மிருட்டில் ஓட்ட வேண்டியிருக்கும்! அக்டோபர் நடுவில் ஜிரோனாவில் சூரியன் உதிப்பதே எட்டு மணி வாக்கில்தான். பூகோளப்படி ஸ்பெயின் லண்டனுக்கு நேர் கீழே இருக்கிறது, ஆனால் கடிகாரம் பெர்லினோடு ஓடுகிறது, அதற்கு மேல் கோடைகால நேரம் வேறு ஒரு மணி நேரம் சேர்கிறது. அதனால் எல்லாமே நம் கணக்குக்குத் தள்ளித்தான் நடக்கும். காலை தள்ளி வரும், மதியச் சாப்பாடு தள்ளி வரும், உச்சி வெயிலும் பன்னிரண்டுக்கு இல்லை, கோடையில் நாலு ஐந்து மணிக்குத்தான் சூடு உச்சத்தில் இருக்கும்.

இந்தப் பாதை மிதமானதா கடினமானதா என்று என்னைக் கேட்டால், மேட்டைவிட மணியைத்தான் காட்டுவேன். அதே 60 கிலோமீட்டரை மே மாதத்தில் எட்டரைக்குக் கிளம்பி ஓட்டினால் பொழுதுபோக்கு, ஜூலையில் பதினொன்றுக்குக் கிளம்பி ஓட்டினால் தண்டனை. அது மட்டுமில்லை, கிராமத்துக் கடைகள் பெரும்பாலும் மதியம் ஒன்றரை, இரண்டு மணிக்கு மூடினால் ஐந்துக்குத்தான் திறக்கும். ஞாயிறு மதியத்துக்கு மேல் ஒன்றுமே இருக்காது. திங்கள்கிழமை பல கிராம உணவகங்களுக்கு வார விடுமுறை. சமையலறை ஒரு மணிக்குத் திறந்து மூன்றரைக்கு மூடும், நாலு மணிக்குப் பசியோடு போய் நின்றால் சிப்ஸ் பாக்கெட்டும் ஆலிவ் காயும்தான் கிடைக்கும். இரவுச் சாப்பாடு எட்டு, எட்டரைக்கு முன் இல்லை.

உங்கள் குழுவுக்கு என் யோசனை: ஏழரைக்கு எழுந்து, பேக்கரியில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு, எட்டரை ஒன்பதுக்குச் சக்கரம் உருளட்டும். பதினொன்றுக்கு மொனெல்ஸில் காபி. ஒன்றரை மணிக்கு கஸாவில் உட்கார்ந்து சாப்பாடு, இரண்டரை மூன்றுக்கு மெதுவாக ஜிரோனா. சனிக்கிழமை என்றால் இன்னும் நல்லது, உள்ளூர்க் குழுக்கள் எதிரே வந்துகொண்டே இருக்கும், கை தூக்கிக் கை தூக்கியே தோள் வலிக்கும்.

மாதம் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடுவரை, பிறகு செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் கடைசிவரை அருமை. மேயில் வயலோரமெல்லாம் சிவப்புப் பாப்பிப் பூ. வடக்கிலிருந்து திராமுந்தானா என்ற காற்று வீசும் நாள் மட்டும் வானிலை பார்த்துக் கிளம்புங்கள், எம்பொர்தா சமவெளியில் அது சைக்கிளையே பக்கவாட்டில் தள்ளும்.

நான் சுத்த சைவம். முட்டை மட்டும் சாப்பிடுவேன். வழியில் பட்டினிதானா? (வாசகி, கும்பகோணம்)

பட்டினி இல்லை அம்மா, ஆனால் கேட்டு வாங்க வேண்டும். அந்த ஊரில் பன்றித் தொடைக்கறியை, அதாவது உப்பிட்டு உலர்த்திய ஹாமை, பல சமையல்காரர்கள் கறிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. "கறி வேண்டாம்" என்று சொன்னால் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, கீரை மேல் அதைத் தூவிக் கொண்டுவருவார்கள். சாலட் என்று சொன்னால் டூனா மீன் போட்டு வரும், பருப்புக் குழம்பு மாதிரி இருப்பதில் சிவப்பு சாசேஜ் மூழ்கிக் கிடக்கும், குரோக்கெத்தா என்ற உருண்டைக்குள் கோழியோ ஹாமோ இருக்கும், சூப்பும் சோறும் பெரும்பாலும் எலும்புச் சாற்றில் வெந்தவை.

அதனால் மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்: "சென்ஸ கார்ன், சென்ஸ பெஷ், சென்ஸ பெர்னில்". கறி இல்லாமல், மீன் இல்லாமல், ஹாம் இல்லாமல். அந்தப் பக்கம் கேட்டலன் மொழிதான் வீட்டு மொழி, இரண்டு வார்த்தை அதில் பேசினால் முகம் மலரும்.

நம்பிச் சாப்பிடக்கூடியவை இருக்கின்றன. முதலில் தக்காளி ரொட்டி. பழுத்த தக்காளியைப் பாதியாக வெட்டி, வெட்டிய பக்கத்தை வாட்டிய ரொட்டியில் தேய்த்து, சாறும் விதையும் ரொட்டியில் ஊறிய பிறகு ஆலிவ் எண்ணெயும் உப்பும் போடுவார்கள். சில இடத்தில் தக்காளியும் பூண்டும் முழுசாகத் தட்டில் வரும், நீங்களே தேய்த்துக்கொள்ள வேண்டும். முதலில் பூண்டு, பிறகு தக்காளி, கடைசியில் எண்ணெய், இந்த வரிசையை மாற்றாதீர்கள். கூடவே ஆட்டுப்பால் சீஸ் கேளுங்கள், சைக்கிள் ஓட்டுகிற வயிற்றுக்கு இது போதும். முட்டை சாப்பிடுவீர்கள் என்பதால் உருளைக்கிழங்கு ஆம்லெட் எல்லாக் காபிக் கடையிலும் தடிமனாக வெட்டி வைத்திருப்பார்கள். எஸ்கலிவாதா என்று ஒன்று, கத்திரிக்காயையும் குடமிளகாயையும் தணலில் சுட்டுத் தோல் உரித்து எண்ணெய் விட்டது. நம் சுட்ட கத்திரிக்காய்க் கொத்சுவைப் புளி இல்லாமல் சாப்பிட்ட மாதிரி இருக்கும். அதன் மேல் சில இடத்தில் நெத்திலி மாதிரி உப்பு மீன் வைப்பார்கள், முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பையில் பேரீச்சம்பழமும் வேர்க்கடலையும் போட்டுக்கொள்ளுங்கள், மொனெல்ஸுக்கும் கஸாவுக்கும் நடுவே காட்டுக்குள் கடையை நம்ப முடியாது.

வலது பக்கம் ஓட்டுவது பயமாக இருக்கிறது. பழகுமா? (வாசகர், மதுரை)

நேர்ச் சாலையில் பழகிவிடும். கெடுப்பது மூன்று நேரம்: காபி குடித்துவிட்டு மறுபடி சாலையில் ஏறும்போது, ஆளே இல்லாத குறுக்குச் சந்திப்பில் திரும்பும்போது, ரவுண்டானாவில். முதல் இரண்டிலும் கை தானாக இடப் பக்கம் இழுக்கும். குழுவாகப் போனால் முன்னால் போகிறவர் ஒவ்வொரு முறையும் "வலது" என்று சத்தமாகச் சொல்லட்டும், வெட்கப்பட வேண்டாம். ரவுண்டானாவில் வண்டிகள் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுற்றும், உங்களுக்கு இடப் பக்கமிருந்து வருபவருக்கு வழி விட வேண்டும். ஒரு குழுவில் முதல் ஆள் ரவுண்டானாவுக்குள் நுழைந்துவிட்டால் மொத்தக் குழுவையும் ஒரே வண்டியாகக் கருத வேண்டும் என்பது அங்கே சட்டம், கார்கள் நின்று வழி விடும்.

இதைவிட முக்கியமானது பிரேக். நம் ஊர் சைக்கிளில் வலது கை முன் பிரேக், அங்கே வாடகைக்குக் கிடைக்கும் சைக்கிளில் இடது கைதான் முன் பிரேக். பதற்றத்தில் இடது கையை இறுக்கினால் பின் சக்கரம் தூக்கும். வாடகைக் கடையில் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், சைக்கிளைப் பொறுத்து சில இடத்தில் செய்து தருவார்கள். மாற்ற முடியாவிட்டால் ஊருக்குள் காலியான இடத்தில் அரை மணி நேரம் பிரேக் பிடித்துப் பழகிவிட்டு மலைக்குப் போங்கள்.

கார்க்காரர்களைப் பற்றி ரொம்பக் கவலை வேண்டாம். சைக்கிளை முந்தும்போது குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும், ஒரு திசைக்கே இரண்டு தடம் உள்ள சாலையில் முழுசாக அடுத்த தடத்துக்கு மாறித்தான் முந்த வேண்டும், இது 2022லிருந்து. இருவர் அருகருகே ஓட்டலாம், அதற்கும் அனுமதி உண்டு. ஊருக்கு வெளியே ஹெல்மெட் கட்டாயம். மதியச் சாப்பாட்டோடு பீர் குடிக்கும் ஆசை வந்தால், மது அளவுச் சட்டம் சைக்கிளுக்கும் உண்டு என்பது நினைவிருக்கட்டும், நிறுத்தி ஊதச் சொல்வார்கள்.

தனியாகப் போகும் பெண்ணுக்கு இந்தப் பாதை ஏற்றதா? (வாசகி, திருச்சி)

ஏற்றது. தனியாகச் சைக்கிள் ஓட்டும் பெண்கள் அந்தச் சாலைகளில் சகஜம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தெருநாய் துரத்தும் பயமும் அநேகமாக இல்லை, பண்ணை வீட்டு நாய்கள் வேலிக்கு உள்ளேயிருந்து குரைக்கும், அதோடு சரி. சாந்தா பெல்யாயா பக்கம் வார நாளில் வெகு நேரம் ஆள் நடமாட்டமே இருக்காது, பழுதானாலோ விழுந்தாலோ உதவிக்குக் காத்திருக்க வேண்டும் என்பதுதான் அங்கே உண்மையான சிக்கல். சனி, ஞாயிறு காலை ஓட்டினால் அது தீர்ந்தது. போனில் இருப்பிடத்தைப் பகிரும் வசதியை ஓட வையுங்கள், வரைபடத்தை முன்னாலேயே இறக்கி வையுங்கள், அவசர எண் 112. கழிப்பறைக்குக் காபிக் கடைதான் வழி, ஒரு காபி வாங்கிவிட்டுக் கேட்டால் சாவியே கொடுப்பார்கள்.

இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் ஞாயிறு காலைகளில் காட்டுப்பன்றி வேட்டை நடக்கும். சாலையோரம் எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பார்கள். தார்ச் சாலையிலேயே போங்கள், சிறுநீர் கழிக்கவோ போட்டோ எடுக்கவோ புதருக்குள் நுழையாதீர்கள்.

சைக்கிளை இங்கிருந்தே எடுத்துப் போகலாமா, வாடகையா? (வாசகர், திருநெல்வேலி)

இரண்டு நாளுக்காக என்றால் வாடகைதான். பெட்டி கட்டுவது, விமானக் கட்டணம், வந்து இறங்கியதும் வளைந்த கியர் மாற்றியைப் பார்த்துக் கண் கலங்குவது, எதுவும் வேண்டாம். ஜிரோனாவில் நல்ல கார்பன் ரோடு சைக்கிள் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் பழைய நகரத்தைச் சுற்றியே இருக்கின்றன, உங்கள் உயரத்தை முன்னாலேயே சென்டிமீட்டரில் எழுதிப் பதிவு செய்யுங்கள். பெடலும் ஷூவும் உங்களுடையதாக இருக்கட்டும். இரண்டு வாரம், மூன்று வாரம் என்றால் சொந்த சைக்கிள் எடுத்துப் போவதில் அர்த்தம் உண்டு. அப்போது ஒன்று, அதிவேக ரயிலில் பைக்குள் கட்டிய சைக்கிளைத்தான் ஏற்ற முடியும், சாதாரண வட்டார ரயிலில் இடம் இருந்தால் அப்படியே உருட்டிக்கொண்டு ஏறலாம்.

பஞ்சர், தண்ணீர்? (வாசகர், தர்மபுரி)

ட்யூப் இரண்டு, டயர் நெம்பி, கைப்பம்பு, செயின் இணைப்பு ஒன்று. ஞாயிறன்று வழியில் சைக்கிள் கடை திறந்திருப்பது சந்தேகம். தண்ணீர் பாட்டில் இரண்டு. ஊர்ச் சதுக்கங்களில் குழாய் இருக்கும், குடிக்கத் தகாதது என்று பலகை இருந்தால் அதை நம்புங்கள், முகம் கழுவ மட்டும் போதும்.

வயது 61, முழங்கால் தகராறு. இளையவர்களோடு நானும் வருகிறேன் என்றால் மகன் சிரிக்கிறான். (வாசகர், யாழ்ப்பாணம்)

மகனை ஒரு மின்சைக்கிளுக்குப் பணம் கட்டச் சொல்லுங்கள், ஐயா. ஐரோப்பாவில் 250 வாட் மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டர் வரை மட்டும் துணை செய்யும் மின்சைக்கிள் சட்டப்படி சாதாரண சைக்கிள்தான், உரிமம் தேவையில்லை. எல்ஸ் ஆஞ்ஜெல்ஸ் ஏற்றத்தில் மகன் உங்களைப் பார்த்துத்தான் மூச்சு வாங்குவான். இந்த வட்டத்துக்கு ஒரு சார்ஜ் தாராளம், துணையை உச்சத்தில் வைக்காமல் நடுவில் வைத்தால்.

மலையே வேண்டாம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஜிரோனாவிலிருந்து கடற்கரை ஊரான சாந்த் ஃபெலியூ தெ கிஷோல்ஸ் வரை முன்பு ஒரு குட்டி ரயில் ஓடியது. 1892ல் தொடங்கி 1969ல் நிறுத்தப்பட்ட பாதை, இப்போது தண்டவாளம் எடுத்த மண் பாதையாகச் சைக்கிள்காரர்களுக்கும் நடப்பவர்களுக்கும் விடப்பட்டிருக்கிறது. ரயில் ஏறிய சாய்வு என்பதால் முழங்கால் உணரவே உணராது. சுமார் 40 கிலோமீட்டர், குவார்ட், கஸா, லியாகொஸ்தேரா வழியாகக் கடலுக்கு. இளையவர்கள் வட்டம் அடித்துவிட்டு கஸாவுக்கு இறங்கட்டும், நீங்கள் ஜிரோனாவிலிருந்து இந்த மண் பாதையில் கஸாவுக்கு வந்து உட்கார்ந்திருங்கள், சாப்பாட்டு மேசையில் சந்திக்கலாம். ரோடு சைக்கிளின் மெல்லிய டயருக்கு இந்தப் பாதை சரிப்படாது, அகல டயர் கேளுங்கள்.

ரோகாகோர்பா ஏறாமல் ஜிரோனா போனதாகச் சொல்லக் கூடாது என்கிறான் நண்பன். (வாசகர், பெங்களூரு)

நண்பன் ஏறட்டும். பான்யோலஸ் ஏரிக்குப் பக்கத்தில், மேலே கோபுர ஆண்டெனாக்கள் நிற்கும் மலை அது, கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் உயரம், போன வழியிலேயே இறங்க வேண்டும். வீரர்கள் கால் பலத்தைச் சோதித்துக்கொள்ளும் இடம். நீங்கள் கேட்டது மிதமான வட்டம், அது இரண்டும் இல்லை.

சாந்தா பெல்யாயா பக்கம் மரங்களின் அடிப்பாகம் செக்கச்செவேல் என்று தோலுரித்தது போல இருப்பதைப் படத்தில் பார்த்தேன். நோயா? (வாசகி, புதுச்சேரி)

நோயில்லை, கார்க் எடுத்த மரம். கவார்ரஸ் குன்றுகளில் கார்க் ஓக் நிறைய. கோடையில் கோடாலியால் கீறிப் பட்டையைப் பெரிய தகடாகக் கழற்றுவார்கள், உள்மரம் சேதமாகாது, மறுபடி பட்டை வளரப் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். கழற்றியதும் ஆரஞ்சுச் சிவப்பு, பிறகு வருஷா வருஷம் கறுத்துக்கொண்டே போகும், அதனால் ஒரே வளைவில் நாலு வண்ண மரங்களைப் பார்க்கலாம். உரிக்காத பட்டையைத் தொட்டுப் பாருங்கள், பிளவு பிளவாக இருந்தாலும் விரல் வைத்து அழுத்தினால் லேசாக அமுங்கும். வெயிலில் நின்றாலும் கைக்குச் சூடு தெரியாது. கஸாவும் பாலஃப்ருஜெலும் இந்தத் தொழிலால் பிழைத்த ஊர்கள், பாலஃப்ருஜெலில் கார்க்குக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது.

பாதி வழியில் முடியவில்லை என்றால்? (வாசகர், விருதுநகர்)

மத்ரமான்யாவிலோ மொனெல்ஸிலோ முடிவெடுத்துவிடுங்கள், அதைத் தாண்டி காட்டுக்குள் நுழைந்த பிறகு இல்லை. அங்கிருந்து வடக்கே சமவெளியில் ஃப்ளசா என்ற ஊருக்கு மெதுவாக உருட்டிவிட்டால் ரயில் நிலையம், வட்டார ரயிலில் ஜிரோனா கொஞ்ச நேரம்தான். ரயில் நேரத்தைக் காலையிலேயே போனில் படம் எடுத்து வையுங்கள், மதியத்தில் இடைவெளி அதிகமாக இருக்கலாம்.

ஓவியர் தாலி வாங்கிய கோட்டையும் அந்தப் பக்கம்தான் என்கிறார்களே, வட்டத்தில் சேர்க்கலாமா? (வாசகர், நாகர்கோவில்)

சேர்க்கலாம். பூபொல் என்ற கிராமம், மத்ரமான்யாவுக்கு வடக்கே, ஃப்ளசா போகும் பக்கம்தான். 1969ல் பழைய கோட்டை வீட்டை வாங்கி, பழுது பார்த்து, காலாவுக்குக் கொடுத்தார் தாலி. காலா எழுத்தில் அழைப்பு அனுப்பினால்தான் தானே அங்கே போக முடியும் என்று நிபந்தனை வைத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். 1982ல் காலா இறந்ததும் அங்கேயே அடக்கம் செய்தார்கள். அதன் பிறகு தாலி அங்கேயே குடியேறி 1984ல் படுக்கையறை தீப்பிடிக்கும்வரை இருந்தார். 1996லிருந்து பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது, ஆனால் குளிர்காலத்தில் சில மாதம் மூடிவிடுவார்கள், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். தூரம் பத்துக் கிலோமீட்டர் சொச்சம் கூடும், நேரம் இரண்டு மணி நேரம் கூடும், அப்படியானால் சாந்தா பெல்யாயாவை விட்டுவிட்டு ஃப்ளசாவிலிருந்து ரயிலில் திரும்புவதுதான் புத்திசாலித்தனம். பின் பாக்கெட்டில் மெல்லிய செருப்பு ஒரு ஜோடி இருக்கட்டும், பெடலில் மாட்டிக்கொள்ளும் கிளீட் ஷூவோடு அந்தக் கல் படிகளில் ஏறி இறங்க முடியாது.